எந்தப் புதுக்குடியிருப்பு?

வாசகர் கேள்வி பதில்: வம்சாவளிக் கொப்பியும் ஊர்ப்பெயர்களும்

வம்சாவளி எழுதுகிறவர்கள் ஆட்களின் பெயரில் காட்டுகிற கவனத்தில் பாதியைக்கூட ஊர்ப்பெயரில் காட்டுவதில்லை. வட இலங்கையின் வன்னியில் இது வேகமாகச் சிக்கலாகும். மாவட்ட எல்லைகள் மாறியிருக்கின்றன, ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன, சனம் பலமுறை இடம்பெயர்ந்திருக்கிறது. இதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அண்ணர் 1962இல் ஒட்டுசுட்டானில் பிறந்தவர். அவருடைய பிறப்புப் பத்திரத்தில் வவுனியா மாவட்டம் என்று இருக்கிறது. தங்கச்சி 1981இல் அதே வீட்டில் பிறந்தவள். அவளுடையதில் முல்லைத்தீவு மாவட்டம். நாங்கள் வீடு மாறவே இல்லை. எதை எழுதுவது?
வாசகர், ஒட்டுசுட்டான்

இரண்டு பத்திரமும் சரி. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல்தான். அதற்கு முன் ஒட்டுசுட்டான் வவுனியா மாவட்டத்துக்குள் இருந்தது. மாறியது எல்லை மட்டுமே.

கொப்பியில் இடத்துக்கு ஒரு கட்டம் போதாது, இரண்டு வேண்டும். முதலாவதுக்கு ‘எழுதியிருந்தபடி’ என்று தலைப்பிடுங்கள். பத்திரத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து, பிழையிருந்தால் பிழையோடு, அதில் இறக்குங்கள். இரண்டாவதுக்குத் தலைப்பு ‘இடம்’. அது எந்த ஊர் என்று நீங்கள் கண்டுபிடித்ததை இன்றைய நிர்வாக ஒழுங்கில், சிறியதிலிருந்து பெரியதாக அதில் எழுதுங்கள்: ஊர், பிரதேச செயலகப் பிரிவு, மாவட்டம், மாகாணம், நாடு. அண்ணரின் பதிவு இப்படி வரும்:

எழுதியிருந்தபடி: ஒட்டுசுட்டான், வவுனியா மாவட்டம்.
இடம்: ஒட்டுசுட்டான், ஒட்டுசுட்டான் பிரிவு, முல்லைத்தீவு மாவட்டம், வட மாகாணம், இலங்கை.

தங்கச்சிக்கு முதற்கட்டம் வேறாக இருக்கும், இரண்டாவது கட்டம் இதேதான். ஆகவே இருவரும் ஓரிடத்தில் பிறந்தவர்கள் என்பது கொப்பியைப் பார்த்த உடனே தெரியும்.

பலர் செய்வது, பழைய பெயரை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது. அதில் இரண்டு கேடு உண்டு. பத்திரத்தின் பிரதி கேட்டுக் கந்தோருக்குப் போகும்போது பதிவான காலத்து மாவட்டமும் பதிவுப் பிரிவுமே உதவும். அவற்றை நீங்களே அழித்திருப்பீர்கள். மற்றது, நீங்கள் ஊரை அடையாளம் கண்டதே பிழையாக இருந்தால் திரும்பிப் போக வழியிராது.

மாவட்டமும் மாகாணமும் எப்போது மாறின என்பதைக் கொப்பியின் முதற்பக்கத்தில் குறித்து வையுங்கள். 1833இல் தீவு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டபோது வன்னி வட மாகாணத்துக்குள் வந்தது. 1873இல் வடமத்திய மாகாணம் பிரியும்வரை அனுராதபுரப் பக்கமும் அதே மாகாணத்துக்குள்தான். 1972 மே 22 வரை நாட்டின் ஆங்கிலப் பெயர் சிலோன். 1978இல் முல்லைத்தீவு மாவட்டம் வந்தது. 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதி கிளிநொச்சி மாவட்டமாயிற்று. 1988இலிருந்து 2006 முடியும்வரை வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக நிர்வகிக்கப்பட்டதால், அந்த ஆண்டுகளின் கடிதத் தலைப்பில் ‘வடக்கு கிழக்கு மாகாணம்’ என்று இருக்கும். இதைக் கண்டு ஆள் திருகோணமலைக்குப் போனார் என்று முடிவுகட்ட வேண்டாம்.

இதில் அதிகம் அடிபடுவது கிளிநொச்சிக்காரர்தான். 1984க்கு முன் பரந்தனில் பிறந்தவரின் பத்திரத்தில் யாழ்ப்பாண மாவட்டம் என்றுதான் இருக்கும். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து அவரை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர் ஆக்கிவிடுகிறார்கள். கிளிநொச்சியில் அப்படி வந்தவர்களும் நிறையப் பேர் இருப்பதால் பிழை வெளியே தெரியாமல் போய்விடுகிறது. மாவட்டப் பெயரை மட்டும் வைத்து குடிப்பெயர்வு எழுதாதீர்கள். ஊரே வேறாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

அப்பப்பாவின் இறப்புப் பத்திரத்திலிருந்து ‘புதுக்குடியிருப்பு’ என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறோம். மூலப் பத்திரம் இப்போது கையில் இல்லை. மன்னாரில் உள்ள சொந்தக்காரர் அது தங்கள் புதுக்குடியிருப்பு என்கிறார்கள். எப்படித் தீர்ப்பது?
வாசகி, மல்லாவி

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு புதுக்குடியிருப்பு, மன்னார்த் தீவில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று. புதிதாகக் குடியேறிய எந்த இடத்துக்கும் பொருந்துகிற பெயர் என்பதால் பெயரை வைத்துத் தீர்க்க முடியாது. பத்திரத்தின் மற்றக் கட்டங்கள்தான் தீர்க்கும்.

பிரதி ஒன்று எடுங்கள். எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பில் உள்ள மாவட்டமும் பதிவுப் பிரிவும். அடுத்தது தகவல் கொடுத்தவரின் பெயரும் விலாசமும். இறப்பைப் பதிந்தவர் மகனோ மருமகனோ என்றால் அவருடைய விலாசம் பெரும்பாலும் ஊரைக் காட்டிவிடும். பிறகு, அடக்கம் அல்லது தகனம் நடந்த இடம். இவை மூன்றும் ஒரு பக்கம் சாய்ந்தால் முடிவு கிடைத்தது. சாயாவிட்டால் ‘இடம்’ கட்டத்தில் ‘புதுக்குடியிருப்பு, எதுவென்று தெளிவில்லை’ என்றே எழுதி, இரண்டு சாத்தியத்தையும் குறிப்பில் வையுங்கள். பேச்சில் வலுத்தவர் சொன்னது என்பதற்காக ஒன்றை நிரப்பினால், அடுத்த தலைமுறைக்கு அது தீர்ந்த விடயமாகத் தெரியும்.

வன்னியில் இப்படிக் காலை வாரிவிடுகிற வேறு பெயர்களையும் சொல்லிவிடுகிறோம். மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறது, மாந்தை மேற்கு மன்னார் மாவட்டத்தில். வெறும் ‘மாந்தை’ என்று எழுதினால் மாவட்டமே தெரியாது. வவுனிக்குளம் வவுனியாவில் இல்லை. அது முல்லைத்தீவு மாவட்டத்தில், மல்லாவிப் பக்கம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் இதை வவுனியாக் குளம் என்று ‘திருத்தி’ விடுவதுண்டு. ஆனந்தபுரம் கிளிநொச்சி நகரிலும் இருக்கிறது, முல்லைத்தீவுப் புதுக்குடியிருப்பிலும் இருக்கிறது. மாத்தளன் என்ற கரையோர ஊர் ஆங்கிலப் படிவம் ஒன்றில் ஏறி இறங்கினால் மலையகத்து மாத்தளையாகி வரக்கூடும். மறுபக்கம், இரண்டு இடம்போலத் தெரிவது ஒன்றாகவும் இருக்கும்: ஆங்கிலப் பத்திரங்களில் வருகிற ‘மரிடைம்பற்று’வும் தமிழில் வருகிற கரைதுறைப்பற்றும் ஒரே பிரதேச செயலகப் பிரிவு.

‘வன்னி’ என்று எழுதினால் போதாதா? எல்லோருக்கும் விளங்குந்தானே?
வாசகர், கனகராயன்குளம்

பேச்சில் விளங்கும். கட்டத்தில் நிற்காது. வன்னி என்ற பெயரில் இன்று ஒரு நிர்வாக மாவட்டம் இல்லை. அந்தப் பெயரில் உள்ளது தேர்தல் மாவட்டம். அதற்குள் வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மூன்றும் வரும், கிளிநொச்சி வராது. கிளிநொச்சி வாக்காளர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சேர்ந்தவர். ஆகவே வாக்காளர் இடாப்பிலிருந்து ஊர் எடுக்கிறவர்கள் தலைப்பை விட்டுவிட்டுக் கிராம அலுவலர் பிரிவை எடுக்க வேண்டும். வன்னி என்ற சொல் குடும்பக் கதைக்குள் தாராளமாக வரட்டும்.

நாங்கள் எங்கள் ஊரை வற்றாப்பளை என்கிறோம். ஒரு பத்திரத்தில் வத்தாப்பளை, இன்னொன்றில் வற்றாப்பழை. ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம், மாமாமார் நாலு பேருடைய கடவுச்சீட்டிலும் நாலு விதம். எதை வைத்துக்கொள்வது?
வாசகி, கனடா (சொந்த ஊர் வற்றாப்பளை)

‘இடம்’ கட்டத்துக்குத் தமிழ் வடிவம் ஒன்றைத் தேர்ந்து, அதையே எங்கும் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு ஒரே அளவுகோல்: இன்றைய கிராம அலுவலர் பிரிவுப் பட்டியலிலோ பிரதேச செயலகத்தின் பெயர்ப்பலகையிலோ எப்படி இருக்கிறதோ அப்படி. இலக்கணப்படி எது சரி என்ற விவாதத்துக்குள் போகாதீர்கள். அதில் இறங்கிய குடும்பங்கள் வம்சாவளியை முடித்ததாகத் தெரியவில்லை.

ஆங்கில வடிவத்துக்கும் இதே விதி. பட்டியலில் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை ‘மாற்று எழுத்துகள்’ என்று ஊருக்கான தனித்தாளில் சேர்த்து வையுங்கள். அந்தத் தாள் தேடலுக்கு வேண்டும். ஒரே ஊர் ஆங்கிலத்தில் ஏன் நாலு விதமாகிறது என்றால், ‘ற்ற’ என்பதைச் சிலர் ஒலிப்படி இரட்டை ‘டி’ (tt) ஆக்குவார்கள், சிலர் ‘டிஆர்’ (tr) ஆக்குவார்கள். ‘த’வுக்கு எச் சேர்ப்பவர் உண்டு, சேர்க்காதவர் உண்டு. ‘ட்ட’வை இரட்டை ‘டி’யாகவும் (tt) எழுதலாம், மென்மையான மற்ற டகரத்தாலும் (dd) எழுதலாம். ள, ழ, ல மூன்றுக்கும் ‘எல்’ ஒன்றே. ஆகவே தேடும்போது இந்த நாலு இடத்தையும் மாற்றிமாற்றிப் போட்டுப் பாருங்கள். சில பெயர்கள் ஒலிபெயர்ப்பே அல்ல, காலனிக் காலத்தில் உருமாறி நிலைத்தவை. பூநகரிக்கு ஆங்கிலத்தில் ‘பூனரின்’ என்று நிற்பது அப்படி.

தமிழிலேயே இரட்டையாக வழங்குகிற பெயர்கள் வன்னியில் கொஞ்சமல்ல: தருமபுரம், தர்மபுரம், விசுவமடு, விஸ்வமடு, உருத்திரபுரம், ருத்திரபுரம், இராமநாதபுரம், ராமநாதபுரம். கடைசி இரண்டு சோடியிலும் அகரவரிசையே மாறிவிடும். ஒரே ஊரவர் பட்டியலின் இரண்டு மூலைக்குப் போய்விடுவார்கள்.

கடவுச்சீட்டில் உள்ளதை மட்டும் மாற்ற முயல வேண்டாம். அது ‘எழுதியிருந்தபடி’ கட்டத்துக்கு உரியது.

பிள்ளைகள் எல்லோரும் வவுனியா ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். பிறந்த இடம் வவுனியா என்று போட்டால் நெடுங்கேணிக் குடும்பம் என்பதே தெரியாமல் போகிறது.
வாசகர், நெடுங்கேணி

பிறந்த இடம் ஆஸ்பத்திரிதான், அதை மாற்றாதீர்கள். குடும்பம் இருந்த இடத்தை ‘வசிப்பு’ என்று தனி நிகழ்வாக, ஆண்டோடு எழுதுங்கள். இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் பலர் கவனிக்காமல் விடுகிற கட்டங்கள் சில உண்டு: தகப்பனின் பிறந்த இடம், தாயின் பிறந்த இடம், பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும். ஒரு பிள்ளையின் பத்திரத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு ஊர் எடுக்கலாம். பாட்டனின் ஊர் தகப்பன் வாயால் சொல்லப்பட்டுப் பதிவானது என்பதால் அதை உறுதியான ஆதாரமாக எண்ணாமல் ‘மகன் சொன்னபடி’ என்று குறியுங்கள். அண்ணன் தம்பி பத்திரங்களில் பாட்டனின் ஊர் வேறு வேறாக இருப்பது அபூர்வமல்ல.

2009இல் எங்கள் குடும்பத்தில் ஒரு பிறப்பு, இரண்டு இறப்பு, ஒருவரைக் காணவில்லை. இடம் எழுத வேண்டிய கட்டத்தில் பேனை நகரவில்லை. சிலர் எல்லாவற்றுக்கும் முள்ளிவாய்க்கால் என்று போடச் சொல்கிறார்கள்.
வாசகர், விசுவமடு

எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைப் போடாதீர்கள். அந்த மாதங்களில் சனம் விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், அம்பலவன்பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்தது. எந்தத் திகதிக்கு எந்த ஊர் என்பது பின்னால் வருகிறவர்களுக்கு வேண்டிய தகவல். முள்ளிவாய்க்காலுக்குள்ளும் கிழக்கு, மேற்கு என்று கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன, வெள்ளமுள்ளிவாய்க்கால் என்றொரு பகுதியும் இருக்கிறது. நினைவிருக்கிறவர்களிடம் ஊர்ப்பெயரைக் கேட்பதோடு நிற்காமல் அடையாளத்தையும் கேளுங்கள்: கோயில், பள்ளிக்கூடம், சந்தி, கடலா களப்பா எந்தப் பக்கம். சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதையும் அருகில் எழுதுங்கள். பத்திரத்தில் வேறு இடம் இருந்தால் இரண்டையும் வையுங்கள், ஒன்றைக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டாம்.

இறப்புப் பத்திரத்தை வாசிக்கும்போது அது எந்தச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். 2010இல் வந்த 19ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம், ஓராண்டுக்கு மேல் தகவலில்லாமல் காணாமற்போனவர்களுக்கும் இறப்புப் பதிவு கொடுக்க இடமளித்தது. அப்படிப் பெற்ற பத்திரத்தில் உள்ள இடம் ஒருவர் கடைசியாக இருந்த இடமாக இருக்கலாம். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழும் வந்தது. காணாமற்போனவருக்கு இறப்பு என்ற நிகழ்வையே திறக்காமல் ‘கடைசியாகக் காணப்பட்டது’ என்ற நிகழ்வைத் திறந்து, அதற்குத் திகதியும் இடமும் கொடுங்கள். அது உண்மைக்கும் பொருந்தும், வீட்டாரின் மனத்துக்கும் பொருந்தும்.

பிறப்பு முகாமிலென்றால், முகாமின் பெயரை விடாதீர்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டுவிட்டது. இனி அந்தப் பெயரில் ஒரு குடியிருப்பைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வலயங்களுக்குக் கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி என்று பெயரிருந்தது. ‘இராமநாதன்’ என்று மட்டும் குறித்தால் பிறகு யாரோ கிளிநொச்சி இராமநாதபுரம் ஆக்கிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: மெனிக் பாம் இடைத்தங்கல் முகாம், இராமநாதன் வலயம், வெங்கலச்செட்டிகுளம் பிரிவு, வவுனியா மாவட்டம். வசிப்பு என்ற நிகழ்வில் வந்த மாதமும் வெளியேறிய மாதமும் இருக்கட்டும். சொந்த ஊர் என்பது வேறு பதிவு, அது விசுவமடுவாகவே நிற்கும்.

பழைய காணி உறுதியில் ‘கரிக்கட்டுமூலை தெற்கு’ என்று வருகிறது. இது இப்போது எந்தப் பிரதேச செயலகம்?
வாசகர், முள்ளியவளை

நேராக ஒன்றைச் சொல்ல முடியாது. கரிக்கட்டுமூலை, மேல்பற்று, கருநாவல்பற்று, நடுச்செட்டிகுளம், கிழக்குமூலை இவையெல்லாம் பழைய வன்னிப் பிரிவுகள். அவற்றின் எல்லையும் இன்றைய பிரதேச செயலகப் பிரிவின் எல்லையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பற்றின் பெயரை முதற்கட்டத்தில் அப்படியே விட்டுவிட்டு, உறுதியில் உள்ள கிராமத்தின் பெயரைக்கொண்டு இன்றைய பிரிவைக் கண்டுபிடியுங்கள். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூல் இந்தப் பழைய பிரிவுகளை அறிய உதவும்.

உறுதியில் இன்னொரு வில்லங்கம் காணியின் பெயர். காணிக்கும் வயலுக்கும் தனிப்பெயர் இருக்கும், அது ஊர்ப்பெயரைப்போலவே ஒலிக்கும். குளம், மோட்டை, தாழ்வு, கேணி, வெளி என்று முடிகிற பெயர் கண்டவுடன் ஊர் என்று எடுத்துவிடாதீர்கள். ‘என்று அழைக்கப்படும் காணி’ என்ற சொற்றொடருக்கு முன்னால் வருவது காணியின் பெயர். ஊரின் பெயர் பெரும்பாலும் அதற்கு முந்தி, ‘இறையில்’ அல்லது ‘கிராமத்தில்’ என்ற இடத்தோடு வந்திருக்கும். குளத்தின் பெயரும் அதன் கீழுள்ள கிராமத்தின் பெயரும் கிராம அலுவலர் பிரிவின் பெயரும் ஒன்றாக இருக்கும் ஊர்கள் பல. அங்கே ‘குளம்’, ‘கிராமம்’, ‘பிரிவு’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள்.

குடியேற்றத் திட்டக் காணி என்றால் கையிலிருப்பது உறுதியாக இராமல், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமாக இருக்கலாம். அதில் திட்டத்தின் பெயர், காணித் துண்டு இலக்கம், சில இடங்களில் வாய்க்கால் இலக்கம் இருக்கும். முத்தையன்கட்டுக் குளத் திட்டத்தில் இடதுகரை, வலதுகரை என்பதும் சேரும். இவற்றை ஒன்றும் விடாமல் எடுங்கள். இன்றைய ஊர்ப்பெயர் பிறகு வந்ததாக இருக்கலாம், துண்டு இலக்கம் அன்றிலிருந்து நிற்கும்.

‘155ஆம் கட்டை’ என்று அம்மம்மாவின் கடிதங்களில் விலாசம். மகன் அதை 249 கிலோமீற்றர் என்று மாற்றி எழுதியிருக்கிறான்.
வாசகி, கிளிநொச்சி

கணக்கு சரி, செய்தது பிழை. கட்டை என்பது மைல்கல். கண்டியிலிருந்து எண்ணி வருகிற அந்த எண் கிளிநொச்சியில் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. பெயரை அப்படியே வைத்து, கிலோமீற்றரைக் குறிப்பில் போடச் சொல்லுங்கள். வேறு வீதிகளில் உள்ள கட்டைகளுக்கு எங்கிருந்து எண்ணினார்கள் என்பதையும் எழுதாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை.

எங்கள் தாத்தா தோட்டத்திலிருந்து 1977 கலவரத்தோடு வன்னிக்கு வந்தவர். அவருடைய தகப்பன் ‘திருச்சி ஜில்லா’ என்று ஒரு தாளில் இருக்கிறது. இரண்டு முனையையும் எப்படி எழுதுவது?
வாசகர், வவுனியா

தோட்டத்துக்கு இரண்டு பெயர் இருப்பது வழமை: கம்பனி ஆவணத்தில் ஒன்று, தொழிலாளர் வாயில் இன்னொன்று. இரண்டையும் எழுதுங்கள். அதன்கீழ் எந்தப் பிரிவு, மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்பதையும் சேருங்கள், ஏனென்றால் பெரிய தோட்டத்தில் பிரிவுதான் ஊர். பக்கத்து நகரத்தின் பெயர் ஊரல்ல, தபால் வந்த இடம். ‘ஹட்டன்’ என்று மட்டும் உள்ளதை வைத்துத் தோட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

திருச்சி ஜில்லா என்பது இன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் மட்டும் அல்ல. அதிலிருந்து பிறகு கரூரும் பெரம்பலூரும் 1995இல் பிரிந்தன. புதுக்கோட்டை 1948வரை தனிச் சமஸ்தானம், பிறகு திருச்சியோடு சேர்ந்திருந்து 1974இல் தனி மாவட்டமாயிற்று. அக்கம்பக்கத்துச் சேலத்திலிருந்து நாமக்கல் 1997இல் பிரிந்தது. ஆகவே தாலுகாவின் பெயர் கிடைக்கும்வரை ‘இடம்’ கட்டத்தில் இன்றைய மாவட்டத்தை நிரப்பாதீர்கள். ‘திருச்சி ஜில்லா, பழைய எல்லை’ என்று விட்டால் போதும். பழைய கடிதங்களின் முத்திரை, மொய்க் கணக்கு, குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர் இவை மூன்றையும் தேடிப் பாருங்கள். குலதெய்வத்தின் ஊர் பிறந்த ஊராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் தாலுகாவை நெருங்க அதைவிட நல்ல வழி பல குடும்பங்களுக்கு இல்லை.

மணலாறா, வெலிஓயாவா?
வாசகர், கொக்குத்தொடுவாய்

இரண்டும் ஒரே பகுதியின் பெயர்: முன்னது தமிழ், பின்னது சிங்களம். பத்திரத்தில் எது இருக்கிறதோ அது முதற்கட்டத்தில். குடும்பம் எப்படி வழங்கியதோ அது ‘இடம்’ கட்டத்தில் முன்னால், மற்றப் பெயர் ‘வேறு பெயர்’ என்று அதன் பின்னால். ஒன்றை மட்டும் வைத்தால் மற்றப் பெயரால் தேடுகிறவருக்கு உங்கள் குடும்பம் அகப்படாது. அங்கிருந்த சிறிய தமிழ்க் கிராமங்களின் பெயர்களைத் தனித்தனியாக எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு பிரதேசப் பெயருக்குள் போட்டால் அந்தக் கிராமங்கள் கொப்பியிலிருந்தும் போய்விடும்.

கொப்பியைக் கணினியில் ஏற்றுகிறோம். எக்செல்லில் ‘கிளிநொச்சி’ என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள், கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.
வாசகி, பரந்தன்

குற்றம் ‘நொ’வில். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் உள்ளிடலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடலுக்கு இரண்டும் வேறு சொல். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது சாதாரணம். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், பொக்கணை எல்லாமே இதில் சிக்கும். தீர்வு: பிழையான ஒரு கலத்திலிருந்து கொம்பையும் காலையும் சேர்த்துப் பிரதிபண்ணி, தேடி மாற்றும் பெட்டியில் போட்டு, மற்றதில் ஒழுங்காகத் தட்டிய குறியைப் போட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஓகாரக் குறிக்கும் ஒருமுறை செய்யுங்கள். ‘ஸ்ரீ’க்கும் இதே நோய் உண்டு. பிறகு சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை எடுங்கள். இனிமேல் ஊர்ப்பெயரை ஒவ்வொரு வரியிலும் தட்டாமல், தனித்தாள் ஒன்றில் ஊர்ப் பட்டியல் வைத்து அதிலிருந்து தெரிவுசெய்யுமாறு அமையுங்கள்.

ஊர், பிரிவு, மாவட்டம், மாகாணம், நாடு என்ற ஐந்து நிலைக்கும் ஐந்து நிரல் வையுங்கள். தெரியாத நிலையை வெறுமையாக விடுங்கள், அடுத்ததை இழுத்து அதில் போட வேண்டாம். வம்சாவளி மென்பொருள்களுக்கு இடையில் தகவல் மாற்றப் பயன்படும் ஜெட்கொம் கோப்பில் இடம் காற்புள்ளிகளால்தான் பிரியும். ஒரு நிலை குறைந்தால் மாவட்டம் பிரிவின் இடத்துக்கு நகர்ந்துவிடும். வெறுமை இருந்தாலும் காற்புள்ளி நிற்க வேண்டும்.

கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓரிடத்துக்குப் பல பெயர்களைக் காலத்தோடு கொடுக்கலாம். எந்த ஆண்டிலிருந்து எந்த மாவட்டத்துக்குள் என்பதையும் கொடுக்கலாம். ஒட்டுசுட்டானை ஒரு முறை அமைத்துவிட்டால் 1962க்கு வவுனியாவும் 1981க்கு முல்லைத்தீவும் தானாக வரும். ஃபமிலிசேர்ச் தளம் நீங்கள் தட்டியதையும் அதன் நியமப் பெயரையும் தனித்தனியே வைத்திருக்கும். ஆனால் அது முன்வைக்கிற நியமப் பெயரை வாசிக்காமல் அழுத்தினால் உங்கள் புதுக்குடியிருப்பு மன்னாருக்குப் போகக்கூடும்.

பெயரில் ஐயமுள்ள ஊருக்கு வரைபட ஆள்கூறும் சேருங்கள். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்த் துல்லியம், நாலு இலக்கம் 11 மீற்றர். ஊருக்கு இரண்டு போதும், வீட்டு வளவுக்கும் சவக்காலைக்கும் நாலு வேண்டும். அகலக்கோட்டை முதலில் எழுதுங்கள்: கிளிநொச்சிக்கு 9.38, 80.40. இடம் மாற்றிப் போட்டால் அம்மம்மாவின் வீடு வடதுருவக் கடலில் நிற்கும். ஏற்றி முடித்ததும் எல்லா ஊர்களையும் ஒரே வரைபடத்தில் திறந்து பார்த்தால் இந்த வகைப் பிழை ஒரு நிமிடத்தில் கண்ணில் படும்.